ஒன்பதாவது வளைவில் முள் இறங்கியது

"இறங்கிருச்சு பாரு மாப்ள! மேட்டுல கொஞ்சம் ஏறும், அப்புறம் தானா இறங்கிரும்னு சொன்னனா இல்லியா?" என்று ரங்கசாமி மாமா ஸ்டியரிங்கில் சந்தோஷமாக ஒரு தட்டுத் தட்டினார். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது போய், ஒரே மூச்சில் அடிமட்டத்துக்கு வந்து படுத்துவிட்டது. பக்கத்து சீட்டில் பட்டுவேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்த குருநாதன் குனிந்து முள்ளைப் பார்த்தான். "நிறுத்துங்க மாமா" என்றான். "எதுக்கு, இப்பத்தான் நல்லா..." "ஓரங்கட்டி இஞ்சின ஆஃப் பண்ணுங்க. இப்பவே." திம்பம் மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி, மஞ்சள் பலகைக்குக் கீழே கொஞ்சம் அகலமான இடத்தில் வண்டி நின்றது. இன்னும் பதினெட்டு வளைவு ஏற வேண்டும். அதற்கு மேல் தாளவாடிக்கு ஒரு மணி நேரம். அங்கே கோயிலில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் குருநாதனுக்குக் கல்யாணம். இப்போது மணி ஏழு நாற்பது.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, நாற்பது நிமிஷம் இஞ்சின் ஆற வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினான். இருபத்திரண்டு வருஷமாக சத்தியமங்கலத்தில் அத்தாணி ரோட்டில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி வெடிக்கவைத்துவிட்டு, கயிறு கட்டி இழுத்துவந்தவர்கள் எத்தனை பேர். ஆனால் இது அக்கா வீட்டுக்காரரான மாமாவின் வண்டி. பழைய டீசல் வண்டி, மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கினது. வாங்கினதிலிருந்து இவன் ஒரு முறைகூட பானட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை, பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றே நாள் போய்விட்டது, பிறகு கல்யாண வேலை வந்துவிட்டது, கை கரியாகக் கூடாது என்று அக்கா ஒரு வாரமாகப் பட்டறைப் பக்கமே விடவில்லை. பின்சீட்டில் தாலித்தட்டையும் கூறைப்புடவைப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டிருந்த திலகவதி அக்கா இப்போதும் தலையை நீட்டி, "கண்ணு, நீ எதையும் தொடாத. கீழிருந்து மெக்கானிக் யாரையாச்சும் வரச் சொல்லலாம்" என்றாள். மெக்கானிக்குக்கே மெக்கானிக். அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. முள் இறங்கியதல்லவா, அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. சூடு குறைந்தால் முள் மெல்ல மெல்ல இறங்கும், அரை அங்குலம், அப்புறம் அரை அங்குலம். இப்படித் தொப்பென்று விழாது. சூட்டைப் பார்த்துச் சொல்கிற அந்தச் சின்னப் பித்தளைக் குமிழைச் சுற்றி எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டால் அது எதைத் தொட்டுச் சொல்லும்? வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு, ஒன்றுமில்லை, எல்லாம் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும். சிவப்பில் நிற்கிற முள்ளுக்கு அவன் பயந்ததே இல்லை. சிவப்பு என்றால் வண்டி கத்துகிறது, கத்துகிற வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஏழாவது வளைவிலேயே சந்தேகப்பட்டு ஹீட்டரைத் திருகிவிட்டிருந்தான். முதலில் முகத்தைச் சுடுகிற காற்று வந்தது. எட்டில் வெதுவெதுப்பு. ஒன்பதில், வெயில்படாத மலைக்காற்று மாதிரி சில்லென்று. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஹீட்டருக்குள் ஓடுவதும் அதே தண்ணீர்தானே.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், என்று இரண்டாம் தரம் நினைத்தபோது அந்த நினைப்பு வண்டியைவிட்டு வேறெங்கோ போய் மாட்டிக்கொண்டது. முதல் சம்சாரம் கோகிலவாணி வீட்டைவிட்டுப் போன அன்று புதன்கிழமை. மத்தியானம் சாப்பிட வந்தவன் குக்கரைத் தொட்டுப் பார்த்தான், சோறு சூடாக இருந்தது. சூடாக இருக்கிறதே, மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள் என்று நாலு மணி வரை டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பீரோ சாவி அந்த டி.வி.யின் மேலேயே இருந்தது, அதையும் பார்த்தான், பார்த்தும் பார்க்கவில்லை. ஏழு வருஷமாகிவிட்டது, கோர்ட்டில் எல்லாம் முடிந்து அவள் கோபியில் வேறு கல்யாணம் செய்து ஒரு பெண்குழந்தைகூட இருக்கிறது என்று கேள்வி. நன்றாக இருக்கட்டும். அவள் மேல் அவனுக்குக் கோபம் என்று எதுவும் மிச்சமில்லை. ஆனால் அதற்கு முந்தின மூன்று மாதம் மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வரும். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சண்டை. ஞாயித்துக்கிழமையாச்சும் ஊட்ல இருங்களேன், நானும் மனுஷிதான, என்ர அம்மா ஊட்டுக்கு எத்தன மாசமாச்சு, ஜவுளிக்கடையில வேலைக்குக் கூப்புடறாங்க நான் போகட்டுமா வேண்டாமா, ஒரு பதிலாச்சும் சொல்லுங்க. "சரி, பாக்கலாம்" என்பான். அதுவும் ஒரு பதில்தானே என்று நினைத்தான். ஒரு தைப்பொங்கலுக்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, போட்ட சோறு போட்டபடி. டீக்கடையில் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொன்னான்: "இப்பல்லாம் ஊடு அமைதியா இருக்குதப்பா." அதைச் சொன்ன தன்னுடைய குரலை அவன் இன்றைக்கும் மறக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டின மாமாவின் குரல் மாதிரியே இருந்தது அது.

சரி, வண்டியைப் பார். பானட்டைத் தூக்கி வைத்தான். உள்ளே இரும்பு சூடு தணிகிற சத்தம், டிக், டிக் என்று, ஆள் இல்லாத வீட்டில் கடிகாரம் மாதிரி. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலன்ட்டின் இனிப்பு வாடை லேசாக, ரொம்ப லேசாக. ஹோஸ் பிய்ந்திருந்தால் இந்நேரம் மூக்கைத் துளைத்திருக்கும். குனிந்து தரையைப் பார்த்தான், ஒரு சொட்டு இல்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, எனவே ஃபேனும் வாட்டர் பம்பும் சுற்றியிருக்கின்றன. பம்பின் அடியில் துருக்கோடு இல்லை. ஆயில் குச்சியை உருவி வேட்டி மேல் படாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தான், கறுப்பாகத்தான் இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். ஏறி வரும்போது பின்னால் வெள்ளைப்புகையும் வரவில்லை, அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வந்தான். அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? நாலைந்து லிட்டர் தண்ணீர் சும்மா காணாமல் போகாது. இந்த இடத்தில்தான் அவனுக்குத் தொழிலில் ஒரு ருசி. மற்றவர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தேடுவார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று தேடுவான். "தண்ணி எங்க மாப்ள கொறஞ்சுது?" என்று மாமா வந்து பக்கத்தில் நின்று, ஓரத்தில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலை விரலால் சுண்டினார். "தெனமும் காலையில பாத்துட்டுத்தான் வண்டியே எடுக்கறேன். பாரு, கழுத்து வரைக்கும் நிக்குது." குருநாதன் பாட்டிலைப் பார்த்தான். நிஜம்தான், பச்சையாகக் கழுத்து வரைக்கும் நின்றது. "தெனமும் இவ்வளவுதான் இருந்துச்சுங்களா மாமா?" "வாங்குனப்ப பாதி இருந்துது. அப்புறம் தன்னால ஏறிருச்சு. ஊத்தவே இல்லியே நான்!" அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது. அவன் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டான். சூடானால் ரேடியேட்டரில் தண்ணீர் உப்பி மூடி வழியாக இந்தப் பாட்டிலுக்கு வரும், ஆறினால் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் ரப்பர் செத்துப்போனால் வருவது மட்டும் வரும், திரும்ப உள்ளே போகாது. மூன்று மாதமாகத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, மிச்சம் வழியில் சிந்தி ஆவியாகி, பாட்டில் நிறைந்து ரேடியேட்டர் காலியாகியிருக்கிறது. மாமா தினமும் பாட்டிலைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறார். ஒரு சின்ன ரப்பர் வளையம். அதனால் இஞ்சினின் மேல்பாகம், தலை, சூட்டில் வளைந்திருந்தால்? ஒன்பதாவது வளைவில் நிறுத்தினோம், பத்தாவதில் நிறுத்தியிருந்தால்? வளைந்திருக்காது. முள் இறங்கின பிறகு ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. முக்கால் நிமிஷம் இருக்கும். வளைந்திருக்காது என்று அவன் கணக்கு சொன்னது, ஆனால் அதை மூடி திறந்து தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு முப்பது நிமிஷம் இருக்கிறது.

முப்பது நிமிஷம் சும்மா இருப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. முட்டைக்கோஸ் ஏற்றின லாரி ஒன்று வளைவில் முன்னும் பின்னுமாக எடுத்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. ஆவணி மழைக்கு மலை பச்சை பிடித்துக் கிடந்தது, எங்கோ பாறையில் தண்ணீர் விழுகிற சத்தம். நாகரத்னாவின் முகத்தை நினைத்துப் பார்த்தான். தாளவாடிக்குப் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சர், முப்பத்தாறு வயது, கன்னடம் கலந்த தமிழ். கல்யாணத்துக்கு அவசரப்பட்டவள் இல்லை அவள். அப்பா படுக்கையில் கிடந்த பத்து வருஷமும் வேறு எதையும் நினைக்காமல் இருந்தவள். பெண் பார்க்கப் போனபோது அவள்தான் அவனைக் கேள்வி கேட்டாள். ஏன் முதல் சம்சாரம் போயிட்டாங்க? குடிப்பீங்களா? கோபம் வந்தா என்ன செய்வீங்க? அவன் திக்குமுக்காடிப்போய்ப் பதில் சொன்னான், பிடித்திருந்தது. அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் போனில் கேள்விதான். பட்டறையில் ஒரு லேத் மெஷினுக்கு என்ன வேலை என்பது வரைக்கும். அப்புறம், அப்புறம் என்று யோசித்தவன் ஒரு இடத்தில் நின்றான். பத்து நாளாக அவள் எதுவும் கேட்கவில்லை. சரிங்க. ஆகட்டுங்க. உங்க அக்கா சொன்ன மாதிரியே செஞ்சுக்கலாங்க. கல்யாணம் நெருங்குகிறது, வெட்கம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததோடு விட்டால் பரவாயில்லை, முந்தாநாள் சாயங்காலம் அக்காவிடம் சொன்னானே, "இப்ப நல்லா செட்டாயிட்டாக்கா" என்று. வாயில் டீக்கடையில் சொன்ன அதே வார்த்தையின் ருசி. இதுவே ஒரு வண்டியாக இருந்தால் அவன் ஹீட்டரைத் திருகிப் பார்த்திருப்பான், குனிந்து முகர்ந்திருப்பான். பெண்ணிடம் எதைத் திருகிப் பார்ப்பது? கேட்கலாம். அவ்வளவுதான் இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் இது ஒரு கண்டுபிடிப்பா என்று தன்னையே வைதுகொண்டு அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தபோது, அதுவே அடித்தது. அவள்தான்.

"உண்மையச் சொல்லிராத மாப்ள" என்று மாமா அவசரமாகக் கிட்டே வந்தார். "வண்டி நின்னுருச்சுன்னா சகுனம் சரியில்லம்பாங்க. செக்போஸ்ட்ல கூட்டம், வந்துட்டே இருக்கறோம்னு சொல்லு." ஒண்ணுமில்ல, வந்துட்டே இருக்கறோம்: நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது, எத்தனை வருஷப் பழக்கம். "ரத்னா" என்றான். "வண்டி சூடாயிருச்சு. ஒம்பதாவது வளைவுல நிக்கறோம். எதுனாலன்னு கண்டுபிடிச்சுட்டேன், சரியாவும்னுதான் நெனைக்கறேன், இன்னும் அரை மணி நேரம் ஆறணும். முகூர்த்தத்துக்குள்ள வருவேன்னு சொல்ல முடியல." அந்தப் பக்கம் நாதஸ்வரம் சுருதி கூட்டுகிற சத்தம். "யாருக்கும் அடி கிடி படலீங்களே?" "இல்ல." "சரிங்க. நான் எங்க மாமாகிட்ட சொல்லிக்கறேன். வெச்சிரட்டுங்களா?" மறுபடியும் சரிங்க. "வெக்காத" என்றான், குரல் சத்தமாகவே வந்துவிட்டது. "பத்து நாளா நீ என்னை ஒண்ணும் கேக்கறதில்ல. என்ன ரத்னா? என்னமோ இருக்குது. இன்னிக்குப் போய் இதக் கேக்கறனேன்னு நெனைக்காத." பதில் இல்லை. அவன் வழக்கமாக இந்த இடத்தில் எதையாவது பேசி நிரப்பிவிடுவான். இப்போது பேசவில்லை. பலாமரத்தில் ஒரு குரங்கு குட்டியை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாதஸ்வரம் தூரமாயிற்று, அவள் எங்கோ நடந்து தனியாக வந்திருக்கிறாள். "புடவை எடுக்கப் போனப்ப உங்க அக்கா சொன்னாங்க" என்றாள். "கல்யாணம் ஆனதும் வேலைய ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு சத்திக்கு வந்துடணும், நீங்க அப்படித்தான் ஆசைப்படறீங்கன்னு. இருபத்தி மூணு கொழந்தைங்க இருக்குங்க. அதுல ஆறு கொழந்தைக்கு நான் பேசுனாத்தான் வாய்ல சோறு இறங்கும். நீங்களே சொல்லிருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன். அக்காவ விட்டுச் சொல்லச் சொல்லிட்டீங்களே, அப்புறம் நான் என்னத்த கேக்கறது? எல்லாம் முடிவாயிடுச்சு போலன்னு இருந்துட்டேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டுக் கண்ணாடி இறக்கியிருந்தது. அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் தாலித்தட்டின் மேல் இருந்த பூவை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்லல ரத்னா" என்றான். "எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா நீ வேலைய என்ன பண்ணப்போறேன்னு நானும் உன்னை ஒரு வார்த்த கேக்கல, அது என்ர தப்பு. பட்டறை கீழ, உன்ர வேலை மேல. எப்படி இருக்கறதுன்னு இப்ப எனக்கு வழி தெரியல. சரியாயிரும்னு சும்மா சொல்ல மாட்டேன். தாலிக்கு முந்தியே உக்காந்து பேசணும்னா பேசலாம். பேசி உனக்கு ஒத்துவரலைன்னா..." அந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்குத் தைரியம் போதவில்லை. "முதல்ல பத்திரமா வாங்க" என்றாள் அவள். குரலில் சிரிப்பா அழுகையா என்று பிடிபடவில்லை. "மூடிய இப்பவே தொறந்துடாதீங்க, சூடா இருக்கும். எங்க சித்தப்பாவுக்கு மொகமெல்லாம் வெந்துபோச்சு ஒருக்கா." மெக்கானிக்குக்கே பாடம். அவனுக்கு அதைக் கேட்டதும் வெயில் வந்து முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

அக்கா வண்டியைவிட்டு இறங்கினாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான், நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றோ, முதல் தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் சொன்னேன் என்றோ. அதில் பொய்யும் இருக்காது. கோகிலவாணி போன பிறகு இரண்டு வருஷம் அவனுக்குச் சோறு ஆக்கிப்போட்டவள் அவள். அவளோ டிக்கியைத் திறந்து, சீருக்காக வாங்கிப் பொட்டு வைத்திருந்த புதுப் பித்தளைக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாறையில் தண்ணீர் விழுகிற சத்தத்தைப் பார்த்து நடந்தாள். "என்ன திலகா, சீர்க்கொடத்துல போயி..." என்று மாமா ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, அவரும் பின்னாலேயே போனார்.

எட்டு இருபத்தைந்துக்கு மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தான். கை பொறுத்தது, அமுக்கினால் மெத்தென்று உள்ளே போயிற்று. பழைய துண்டை மடித்து மூடி மேல் போட்டு அரைத் திருகு திருகி, நின்று, சீறல் எதுவும் வரவில்லை என்றதும் முழுக்கத் திறந்தான். ரப்பர் வளையம் அப்பளம் மாதிரி விறைத்து இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. உள்ளே எட்டிப்பார்த்தால் ஈரமே தெரியாத இருட்டு. பாட்டிலில் இருந்ததை முதலில் ஊற்றினான், பிறகு குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி புகட்டுகிற மாதிரி. கழுத்து வரை வந்தது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க மாமா, ரேஸ் பண்ணாதீங்க." இஞ்சின் பிடித்தது. அவன் திறந்த வாயின் மேல் குனிந்தான். இஞ்சின் தலை வளைந்து அதன் அடியில் இருக்கிற கேஸ்கட் என்கிற அடைப்புத் தகடு போயிருந்தால் இங்கே குமிழி நிற்காமல் வரும், கொதிக்கிற உலை மாதிரி. ஒரு குமிழி வந்தது. இன்னொன்று. நாலைந்து சேர்ந்தாற்போல் வந்து உடைந்தன. உள்ளே அடைபட்ட காற்று, அதுதான், காற்றாகத்தான் இருக்க வேண்டும். மறுபடியும் இரண்டு. அக்கா பக்கத்தில் வந்து நின்று அவளும் எட்டிப்பார்த்தாள், அவளுடைய மல்லிகைப்பூ வாசம் டீசல் வாடையோடு கலந்து அடித்தது. தண்ணீர் மட்டம் ஒரு விரல்கடை இறங்கியது, ஊற்றினான். ஒரு குமிழி. பிறகு இல்லை. பிறகும் இல்லை. தண்ணீர் அவன் முகத்தைக் காட்டிக்கொண்டு சும்மா நடுங்கியது, நெற்றிச் சந்தனம் வழிந்து மூக்கில் நின்ற முகம். "வளையல" என்றான், யாருக்கும் புரியாமல். பிறகு சத்தமாக: "ஏறுங்க, போலாம். நான் ஓட்டறேன்."

செத்த மூடியை நம்பி வேகமாக ஏற முடியாது. ஹீட்டரை முழுக்கத் திருகி, ஃபேனையும் நாலில் வைத்து, இஞ்சின் சூட்டில் பாதியை ஆட்கள் மேல் இறைத்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறினான். உலைக்களம் மாதிரி ஆயிற்று உள்ளே. மாமா சட்டையைக் கழற்றி ஜன்னலில் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு வளைவுக்கு ஒருதரம் நிறுத்தி ஆறவிட்டு, அக்கா காலிடுக்கில் வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு. இருபத்தேழாவது வளைவு தாண்டியபோது மூன்று பேரும் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி சொட்டச் சொட்ட இருந்தார்கள். முள் நடுவில் நின்றது, காற்றும் சுட்டுக்கொண்டே வந்தது. தாளவாடிக் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி பத்து ஐம்பது. முகூர்த்தம் போய் இருபது நிமிஷமாகியிருந்தது.

பூசாரி அடுத்த நல்ல நேரம் பன்னிரண்டுக்கு மேல் என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டாரில் இரண்டு பெரியவர்கள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள். நாகரத்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தாள். பாசிப்பச்சைப் புடவை, கழுத்தில் இன்னும் மாலை ஏறவில்லை. அவனுடைய நனைந்த சட்டையைப் பார்த்தாள், கைக்கரியைப் பார்த்தாள், மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு கல்லில் அவளும் எதிர்க்கல்லில் அவனுமாக உட்கார்ந்தார்கள். அவள் ஆரம்பித்தாள், அங்கன்வாடி எத்தனை மணிக்கு, மே மாதம் எத்தனை நாள் லீவு, அம்மாவின் முட்டிவலி, மாற்றல் கேட்டால் கிடைக்குமா கிடைக்காதா. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு தரம் மட்டும், தாளவாடியில் எத்தனை பட்டறை இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் மேலே வந்து ஒரு ஆள் கடை போட்டால் ஓடுமா என்று கேட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேலை பார்க்கிற ஊரைப் பற்றியும், தான் பேசினால்தான் சாப்பிடுகிற அந்த ஆறு குழந்தைகளைப் பற்றிப் பேர் பேராக ஒவ்வொன்றாகவும் சொல்ல ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு அடித்ததும் பூசாரி மண்டபத்து மூலையில் வந்து நின்று குரல் கொடுத்தார். "நேரம் வந்திடுச்சு. பொண்ணு மாப்பிள்ளை வரலாமா?"

நாகரத்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு நிமிஷம் இருங்க சாமி" என்றாள். "இன்னும் ஒரு கொழந்தை பாக்கி இருக்குது."